எந்த டிரை ரன்? கோட் ரிவ்யூவில் பெயருக்காக ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்

கோயம்புத்தூர்ப் பக்கம் போர்வெல் மோட்டார் வைத்திருக்கும் விவசாயி யாரிடமாவது ‘டிரை ரன்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். போரில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது, மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றுகிறது என்று அர்த்தம். நீர்மூழ்கி பம்பின் புஷ்ஷுக்குத் தண்ணீர்தான் எண்ணெய், மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாமல் ஓடினால் புஷ் தேயும், காயில் கருகும். அப்புறம் ஆளும் வண்டியும் வைத்து மோட்டாரை மேலே ஏற்றும் செலவு வேறு.

அதே சொல்லை ஒரு மென்பொருள்காரரிடம் சொன்னால், அவருக்கு அது ஒத்திகை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், நிரல் மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட் போன்ற கருவிகளில் ‘டிரை ரன்’ என்று ஒரு விருப்பம் உண்டு. ‘என்ன செய்யப்போகிறாய் என்று காட்டு, நிஜமாக எதையும் செய்யாதே’ என்பது அதன் பொருள்.

இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே நிரலில் மோதியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மோட்டார் பேனலிலிருந்து ஆம்பியர் அளவை மோட்பஸ் என்ற தொடர்பு முறை வழியாகப் படித்து, தண்ணீர் இல்லை என்று தெரிந்தால் மோட்டாரின் சுவிட்சான ரிலேவை ஆஃப் செய்யும் சின்னத் திறமூல நிரல் அது, அதாவது யாரும் படித்து மாற்றக்கூடிய நிரல். தண்ணீர் இல்லாதபோது பம்பின் சுமை குறையும், ஆம்பியர் இறங்கும். அந்த இறக்கத்தைக் குறிக்கும் மாறிக்கு (நிரலில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடம்) நான் ‘டிரை_ரன்’ என்று பெயர் வைத்தேன். இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு வேறு பெயர் தோன்றவே இல்லை. சில வாரம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவர் பேட்ச், அதாவது நிரலில் செய்ய வேண்டிய மாற்றம், அனுப்பினார். டிரை_ரன் உண்மையாக இருந்தால் ரிலேவுக்கு எந்தக் கட்டளையும் அனுப்பக் கூடாது என்று அதில் ஒரு வரி. அவர் நினைத்த ஒத்திகைக்கு அது சரியான வரி. என் தோட்டத்து மோட்டாருக்கோ, எரியப்போகிற நேரத்தில் நிறுத்தும் கட்டளையையே தடுக்கிற வரி. நிரலில் சேர்வதற்கு முன்பு ரிவ்யூ பார்த்த ஒருவர், “இது எந்த டிரை ரன்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் தப்பித்தோம்.

பெருந்துறையிலும் திருப்பூரிலும் படிக்கிற மாணவர்கள் சிலர் என்னிடம் திறமூலம் பற்றிப் பேசுவார்கள். முதல் பேட்ச் திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஏனுங்கண்ணா, புரோகிராம் ஓடுது, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது. பேரை மாத்துங்கன்னு எதுக்குங்க திருப்பி அனுப்பறாங்க?” அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நிரலில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறேன். நடுவே வரும் அடிக்கோடு நிரலிலேயே இருப்பதுதான்.

முதலில் கோட் ரிவ்யூ. திறமூலத் திட்டத்தில் நீங்கள் செய்த மாற்றம் நேராக உள்ளே போகாது. வேறு சிலர் அதை வரிவரியாகப் படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள். திட்டத்தின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர், அதாவது மெயின்டெய்னர், சம்மதித்த பிறகுதான் அது சேரும். இயங்குதளம், டிரைவர், நெட்வொர்க் அடுக்கு போன்ற சிஸ்டம்ஸ் மென்பொருளில் இந்தப் படிப்பு இன்னும் கறாராக இருக்கும். நீங்கள் எழுதியதைப் பத்து வருடம் கழித்து, உங்களைப் பார்த்தே இராத ஒருவர் திருத்த வேண்டி வரும். அன்றைக்கு அவருக்கு விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். நீங்கள் வைத்த பெயர்தான் இருக்கும்.

பெயர் பற்றி வரும் திருத்தங்களில் ஒரு வகைக்கு விவாதமே தேவையில்லை. எழுத்து வடிவம் அப்படிப்பட்டது. லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சின்ன எழுத்தும் அடிக்கோடும். ரஸ்ட் மொழியில் ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) அதே வழக்கம், டைப்புகளுக்கு (தரவின் வகைகள்) ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். மாற்றி எழுதினால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே எச்சரிக்கும். கோ மொழியில் முதல் எழுத்து பெரியதாக இருந்தால் அந்தப் பெயர் தொகுப்புக்கு வெளியே தெரியும், சின்னதாக இருந்தால் தெரியாது. அங்கே எழுத்தின் அளவு அழகுக்காக இல்லை, மொழியின் விதி. இதிலெல்லாம் ஊரோடு ஒத்துப் போய்விடுங்கள். எந்த வடிவம் உயர்ந்தது என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல அந்த இடத்தில் யாரும் காத்திருக்கவில்லை. மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், அடுத்த வேலையைப் பாருங்கள்.

பொருள் பற்றிய திருத்தம்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது.

ஒரு மாணவி அனுப்பிய பேட்சில் ‘செக்_மோட்டார்’ என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. மோட்டார் நன்றாக இருந்தால் 0 திருப்பித் தரும். ரிவ்யூவில் பெயரை மாற்றச் சொன்னார்கள், அவருக்குப் புரியவில்லை. நான் தமிழில் கேட்டேன்: வீட்டில் உங்கள் அப்பா “மோட்டாரைப் போடு கண்ணு” என்றால் என்ன பதில் சொல்வீர்கள்? “போட்டாச்சு” அல்லது “கரன்ட் இல்லைங்கப்பா” என்பீர்கள். “மோட்டார் ஓடுதா?” என்று கேட்டால்? “ஆமாங்க”, “இல்லீங்க”. முதலாவது ஏவல். அதற்குப் பதில், வேலை முடிந்ததா, முடியாவிட்டால் காரணம் என்ன என்பது. இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் ஆம், இல்லை மட்டும்தான்.

சி மொழியில் இந்த இரண்டு பதில்களும் பெரும்பாலும் ஒரே முழுஎண்ணாகத்தான் வருகின்றன, சிக்கல் அங்கேதான். ஏவல் ஃபங்ஷன் 0 தந்தால் ‘முடிந்தது, கோளாறு இல்லை’. கேள்வி ஃபங்ஷன் 0 தந்தால் ‘இல்லை’. ஒரே சுழியத்துக்கு இரண்டு எதிர் அர்த்தங்கள். லினக்ஸ் கர்னலின் எழுத்துநடை ஆவணம் இதற்கென்று தனிப் பகுதியே வைத்திருக்கிறது. பெயர் ஒரு செயலாகவோ கட்டளையாகவோ இருந்தால் பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும். ஒன்று உண்டா இல்லையா என்று கேட்கும் பெயராக இருந்தால் ஆம், இல்லை என்று தர வேண்டும். அது காட்டும் உதாரணம்: ‘ஆட்_வொர்க்’ என்பது கட்டளை, வேலை சேர்ந்தால் 0, முடியாவிட்டால் ‘பிஸி’ என்ற பிழை எண். ‘பிசிஐ_டெவ்_பிரசென்ட்’ என்பது கேள்வி, சாதனம் கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால் 0. இரண்டையும் கலந்தால் கண்டுபிடிக்கக் கஷ்டமான பிழைகள் முளைக்கும் என்றும் அந்த ஆவணம் எச்சரிக்கிறது.

செக்_மோட்டார் இப்போது எந்தப் பக்கம்? மோட்டாரைச் சோதித்துவிட்டு வா என்கிறதா, மோட்டார் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறதா? பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மாணவி ‘மோட்டார்_இஸ்_ரெடி’ என்று மாற்றி, ஆம், இல்லை தரும்படி திருத்தினார். அதை அழைக்கும் இடங்களைச் சரிசெய்யப் போனபோது, ஓரிடத்தில் அவரே தன் ஃபங்ஷனின் 0-ஐ ‘இல்லை’ என்று எடுத்து எழுதியிருந்தது தெரிந்தது. எழுதியவரையே ஏமாற்றிய பெயர் அது.

சில பெயர்கள் ஒரு வாக்குறுதியையும் சுமக்கும். கர்னலில் ‘கெட்’ என்று முடியும் ஃபங்ஷன்கள் பல, ஒரு பொருளை ‘நான் பயன்படுத்துகிறேன், அழித்துவிடாதே’ என்று பிடித்து வைக்கும். ‘புட்’ என்று முடியும் ஜோடி, பிடியை விடும். பக்கத்துத் தோட்டத்தில் கடப்பாரை வாங்கினால் திருப்பிக் கொடுப்பது போல, ஒவ்வொரு கெட்டுக்கும் ஒரு புட் இருந்தாக வேண்டும். புதியவர்கள் புட் என்றால் எதையோ உள்ளே வைப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். வெறுமனே ஒரு மதிப்பைப் படிக்கும் ஃபங்ஷனுக்கு நீங்கள் அங்கே கெட் என்று பெயரிட்டால், படிப்பவர் அதற்கான புட் எங்கே என்று தேடுவார். ரிவ்யூவில் யாராவது தடுத்தால் காரணம் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி நெட்வொர்க் அடுக்கில் இருக்கிறது. நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டான பாக்கெட்டின் நினைவகத்தை விடுவிக்க ‘கேஃப்ரீ_எஸ்கேபி’ என்று ஒன்று, ‘கன்ஸ்யூம்_எஸ்கேபி’ என்று இன்னொன்று. இரண்டுமே பாக்கெட்டை விடுவிக்கும். ஆனால் முதலாவது, வழியில் ஏதோ காரணத்தால் பாக்கெட்டைக் கைவிட்டோம் என்று சொல்கிறது. இரண்டாவது, அது போய்ச் சேர வேண்டிய வேலை முடிந்து இயல்பாகத் தீர்ந்தது என்று சொல்கிறது. திருப்பூரில் கட்டிங் டேபிளில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். பனியனாகப் போன துணியும் ஸ்டாக்கில் குறையும், கட்டிங் வேஸ்ட்டாகப் போன துணியும் ஸ்டாக்கில் குறையும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்தால் சேதாரம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கேயும் அப்படித்தான்: பெயர்கள் பிரிந்திருப்பதால்தான், பாக்கெட் எங்கே தொலைகிறது என்று தேடும் கருவிகள் முதலாவதை மட்டும் கண்காணிக்க முடிகிறது.

சரி, பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்? என் வீட்டில் ‘மேக்காலக் காடு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் சொல்லும்போது அது போதாது, எங்கள் மேக்காலக் காடு பக்கத்து வீட்டாருக்குக் கிழக்கே இருக்கிறது. ‘இன்னார் தோட்டம், கிணத்துக்கு மேக்கால’ என்று சொல்ல வேண்டும். பத்திரப் பதிவுக்குப் போனால் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் வேண்டும். இடம் ஒன்றுதான், பெயர் போய்ச் சேர வேண்டிய தூரம்தான் கூடுகிறது.

நிரலிலும் இதே கணக்கு. கர்னல் ஆவணம் சாதாரண லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) எண்ணும் மாறிக்கு ‘ஐ’ என்ற ஒரெழுத்துப் பெயரே போதும் என்கிறது. அங்கே ‘லூப்_கவுன்டர்’ என்று எழுதுவதால் பயனில்லை. ஆனால் எங்கிருந்தும் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கு ‘கவுன்ட்_ஆக்டிவ்_யூசர்ஸ்’ என்று விளக்கமாக வைக்கச் சொல்கிறது, ‘சிஎன்டியூஎஸ்ஆர்’ என்று சுருக்கக் கூடாது. ஏவலும் கேள்வியும் பற்றி மேலே சொன்ன விதிக்கும் இந்தத் தூரக் கணக்கு உண்டு: வெளி மாட்யூல்களுக்குத் திறந்துவிடும் ஃபங்ஷன்களுக்கு அது கட்டாயம், கோப்புக்குள்ளேயே இருப்பவற்றுக்குப் பரிந்துரை மட்டும்தான்.

பெயர் பற்றிய எந்த வாக்குவாதத்திலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் பெயர் எவ்வளவு தூரம் போகும்? உள் மாறி என்றால் நாளைக்கே மாற்றலாம், யாருக்கும் வலிக்காது. கர்னலுக்குள் பலர் பயன்படுத்தும் பெயரை மாற்றுவது பெரிய வேலை, ஆனாலும் முடியும். கர்னலுக்கு வெளியே, பயனர் நிரல்களின் கைக்குப் போய்விட்ட பெயர் திரும்பி வராது. யுனிக்ஸில் கோப்பை உருவாக்கச் சொல்லிக் கர்னலை அழைக்கும் சிஸ்டம் காலின் பெயரில் கடைசி ‘இ’ எழுத்து கிடையாது. சி, ஆர், இ, ஏ, டி, அவ்வளவுதான். யுனிக்ஸை மறுபடி வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனைக் கேட்டபோது, அந்த ‘இ’-யைச் சேர்ப்பேன் என்றார். இன்றைக்கும் அது சேரவில்லை. இணையத்தில் நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று சொல்லும் ‘ரெஃபரர்’ தலைப்பும் இப்படித்தான். நடுவில் இரண்டு ‘ஆர்’ வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. 1996-இல் வெளியான, வலைப்பக்கப் பரிமாற்ற விதிகளைச் சொல்லும் எச்டிடிபி ஆவணத்தில் அப்படியே பதிந்துவிட்டது. பிற்பாடு வந்த ‘ரெஃபரர் பாலிசி’ என்ற தலைப்பில் எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. முதல் நாள் ரிவ்யூவில் ஒருவர் கவனித்திருந்தால் ஒரு நிமிட வேலை.

தூரத்தோடு காலத்தையும் பார்க்க வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். பிறந்த அன்றைக்கே செவலை என்று கூப்பிட்டால் அந்தப் பெயர் மாட்டோடு வளராது. லினக்ஸில் நெட்வொர்க் கார்டுகளுக்கு ‘ஈத்0’, ‘ஈத்1’ என்று பெயர் வந்ததும் இப்படித்தான், கர்னல் கண்டுபிடித்த வரிசையில். இரண்டு கார்டு உள்ள கணினியில், அடுத்த முறை பூட் ஆகும்போது வரிசை மாறிவிட வாய்ப்பு உண்டு. அப்படி மாறினால், வெளி இணையத்துக்கு எழுதிய ஃபயர்வால் விதி உள் நெட்வொர்க்கில் போய் உட்காரும். 2013-இல், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197-ஆம் பதிப்பு, கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. ‘இஎன்பி3எஸ்0’ என்றால் பஸ் எண் 3, ஸ்லாட் எண் 0. வாய்க்கு வராத பெயர்தான், ஆனால் மறுபடி பூட் செய்தாலும் நிற்கும்.

பெயருக்காக நீண்ட விவாதம் எப்போதாவது நியாயமா? நியாயம்தான் என்று நான் நினைக்கும் நிகழ்வு 2021-இல் நடந்தது. கர்னல் நினைவகத்தைப் ‘பேஜ்’ என்ற துண்டுகளாகக் கையாள்கிறது, எக்ஸ்86 கணினியில் ஒரு பேஜ் 4 கிலோபைட். பல பேஜ்களைச் சேர்த்து ஒரே கட்டாகவும் வைக்கலாம். முதல் பேஜ் தலை, மற்றவை வால். எல்லாவற்றுக்கும் டைப்பின் பெயர் பேஜ்தான். ஆகவே ஒரு ஃபங்ஷன் கையில் பேஜ் வந்தால், அது தனிப் பேஜா, தலையா, வாலா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குத் திரும்பத் திரும்பத் தலையைத் தேடும் வரிகள் எழுத வேண்டியிருந்தது. கர்னல் நிரலாளர் மேத்யூ வில்காக்ஸ் ‘ஃபோலியோ’ என்று புதிய டைப்பைக் கொண்டுவந்தார். ஃபோலியோ என்றால் அது ஒருபோதும் வால் பேஜ் அல்ல, அவ்வளவுதான் வாக்குறுதி. வடிவமைப்பு பற்றியும் பேச்சு நடந்தது, அந்தப் பெயர் பற்றியும் நடந்தது. கடைசியில் 5.16-ஆம் பதிப்பில் சேர்ந்தது. சுவடியின் ஏட்டைக் குறிக்கும் சொல் பொருத்தமா என்று இன்றும் ஒருவர் கேட்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதப்படப்போகும் பெயர், ஒரு குழப்பத்தையே நீக்கும் பெயர். அதற்குச் சில மாதம் கொடுத்தது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீணான விவாதமும் உண்டு. பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1957 வாக்கில் ஒரு கற்பனைக் குழுவை வைத்துக் காட்டினார். அணு உலைத் திட்டத்தைச் சில நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தில், சற்று நேரம் காத்திருக்கச் சொல்லும் ‘ஸ்லீப்’ கட்டளை முழு நொடிக்குப் பதில் நொடியின் பின்னத்தையும் ஏற்கலாமா என்ற சின்னப் பேச்சு பெரிதானபோது, அதன் நிரலாளர் பவுல்-ஹென்னிங் காம்ப் இந்தக் கொட்டகையை நினைவூட்டினார். அன்றிலிருந்து ‘பைக்‌ஷெட்’ என்பது நிரலாளர் பேச்சில் நிலைத்துவிட்டது.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இந்தப் பெயரைப் படித்து ஒருவர் செய்யக்கூடிய தவறான வரியை உங்களால் எழுதிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். டிரை_ரன்னுக்கு முடிந்தது, அந்தத் தவறான வரி பேட்சாகவே வந்தது. செக்_மோட்டாருக்கும் முடிந்தது. எழுதிக் காட்ட முடிந்தால் விடாதீர்கள், மெயின்டெய்னரிடமும் மரியாதையாகச் சொல்லுங்கள். முடியவில்லை, காதுக்கு வேறு பெயர் நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான் காரணம் என்றால், ஒருமுறை சொல்லிவிட்டு அவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள். நீங்களே ரிவ்யூ பார்க்கும்போது “பெயர் நல்லா இல்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். எதைத் தவறாகப் படிக்க வாய்ப்பு என்று சொல்லி, ஒரு மாற்றுப் பெயரும் கொடுங்கள். சின்ன விஷயம் என்றால் முன்னால் ‘நிட்’ என்று போடுங்கள், திருத்தினால் நல்லது, கட்டாயமில்லை என்று புரிந்துகொள்வார்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பலர், “எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்கண்ணா, நல்ல பேர் எப்படி வைக்கிறது?” என்று தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் என்னை உண்மையிலேயே வருத்துகிறது. நல்ல பெயருக்கு வேண்டியது அழகான ஆங்கிலம் இல்லை. அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று முதலில் தமிழில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். வாக்கியத்தில் ‘மற்றும்’ வந்தால் ஃபங்ஷன் இரண்டு வேலை செய்கிறது, பிரிக்க வேண்டும். ஏவலா கேள்வியா என்று பாருங்கள். அப்புறம் எளிய ஆங்கிலச் சொற்கள் மூன்று போதும்.

டிரை_ரன் விஷயத்தில் நானும் அதைத்தான் செய்தேன். ரிவ்யூவில் ‘நோ_வாட்டர்’ என்று ஒருவர் சொன்னார், ஆனால் மோட்டார் ஓடாமலேயே கிணறு வற்றியிருக்கலாம். ‘அண்டர்_கரன்ட்’ என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போய், இந்த நிலையை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். “மோட்டார் ஓடுது, தண்ணி எடுக்கலைன்னு சொல்லுவோமுங்க” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “ஆனா தம்பி, ஆம்பியர் குறைஞ்சா தண்ணி இல்லைன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. கப்ளிங் உடைஞ்சாலும் லோடு இல்லாம ஆம்பியர் குறையுமுங்க” என்றார். கப்ளிங் என்பது மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பாகம்.

நாங்கள் அளந்தது ஆம்பியரை. தண்ணீர் இல்லை என்பது அதிலிருந்து நாங்களாக எடுத்த முடிவு. டிரை_ரன் என்ற ஒரே பெயர் இரண்டையும் மூடி வைத்திருந்தது. இப்போது அந்த நிரலில் இரண்டு மாறிகள் இருக்கின்றன. ‘அண்டர்_கரன்ட்’ அளவீட்டைச் சொல்கிறது. ரிலேவை ஆஃப் செய்வது அதை வைத்துத்தான், காரணம் எதுவானாலும் மோட்டார் நிற்க வேண்டும். ‘பம்ப்_ரன்னிங்_டிரை’ என்பது போரின் நீர்மட்ட சென்சாரும் ஒத்துச் சொன்னால் மட்டும் உண்மையாகும், விவசாயிக்குப் போகும் செய்தி அதை வைத்துத்தான். மட்டம் சரியாக இருந்தும் ஆம்பியர் குறைந்தால், செய்தி “கப்ளிங்கைப் பாருங்கள்” என்று போகிறது.